இடக்கைச் சீட்டு

அந்தக் கடற்கரை ஊரில் யாரும் பதிலுக்காகக் காத்து நிற்பதில்லை. வேண்டியதைக் கேட்கக் குரலை மட்டும் அனுப்பிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குரல் போய்க் கேட்டு, இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு திரும்பி வரும். இடக்கையில் கோளாறு, வலக்கையில் கேட்ட பொருள். இடக்கையைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். அது காலியாக இருந்தால் மட்டுமே வலக்கை. அவசரப்பட்டு வலக்கையைப் பிரித்த ஐஸ் கம்பெனி சூசையின் வீட்டில் இன்றும் ஒரு ஒன்றுமில்லாதது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. நாலு மணிக்குக் காப்பி கேட்கும்.

டெல்பினின் அண்ணன் கஸ்பார் கடலுக்குப் போய் ஐந்து நாளாகிவிட்டது. கூடப் போன வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிட்டன. டெல்பின் தன் குரலைக் கடலுக்கு அனுப்பினாள்: அண்ணனைக் கொண்டு வா.

குரல் வெளியே போயிருக்கும் நாட்களில் மற்றவர்கள் வாய் மூடி இருப்பார்கள். பதினைந்து வயது டெல்பினுக்கு ஊர்க்குரல் அத்தனையும் அத்துப்படி. மீன் ஏலக்காரர் குரலில் சோறு கேட்டாள். பங்குச் சாமியார் குரலில் வேலை செய்ய மறுத்தாள்.

"ஏட்டி, சாமியார் கொரல்ல வெங்காயம் உரிக்க மாட்டேங்காத. எனக்கு எந்திரிச்சு நிக்கத் தோணுது," என்றாள் அம்மா பெர்பெத்து.

மூன்றாம் நாள் மத்தியானம் குரல் திரும்பியது. வாசலில் சொட்டச் சொட்ட நின்றது. பெர்பெத்து பாய்ந்து அதன் வலக்கையைப் பிடித்தாள்.

"இடது!" தலைமையாசிரியர் குரலில் அதட்டினாள் டெல்பின். அம்மா கையைக் கட்டிக்கொண்டாள்.

இடக்கையில் ஈரச் சீட்டு: 'மூன்று நாள் கெடு முடிந்தது. கடல் இன்னும் பதில் சொல்லவில்லை.'

கோளாறை யாராவது வாங்கிக்கொண்டாக வேண்டும். வாங்க ஆளில்லாமல் அது தெருவில் இறங்கினால் ஊரே நின்றுபோகும். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க அலை பாதி மடிந்தபடி நின்றது அப்படித்தான். டெல்பின் தன் குரலை விழுங்கினாள். உப்புக் கரித்தது.

"வாங்கிட்டேன்," என்றாள்.

"இப்ப என்னட்டி செய்ய?"

"திரும்பக் கேப்போம். அண்ணன் கொரல அனுப்புறேன்."

இத்தனை நாளும் அவள் எடுக்காத குரல் அது ஒன்றுதான். எடுத்தாள். பெர்பெத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்பாரின் குரல் அலைமேல் ஏறி நடந்து போனது.

சாயங்காலம் கடல் எழுந்து நின்றது. மாதா கோயில் கோபுரத்துக்கும் மேலே, சத்தமே இல்லாமல். அதன் மடியிலிருந்த திருக்கை மீன்கள் மெல்ல வழுக்கி ஒதுங்கின. அடியில், எந்தக் கண்ணும் பார்த்திராத மணல். அந்த மணலில் அண்ணன் குரல் நடந்து வந்தது. இடக்கை காலி. வலக்கையைப் பிடித்தபடி கஸ்பார்.

"பசிக்கும்மா."

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தபோது டெல்பின் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். குரல் இல்லை. அவளுக்குத் தெரியாமலே மறுபடி கடலுக்குப் போய்வந்து அது வாசலில் நின்றது. முதலில் கேட்டதற்குக் கடல் இப்போதுதான் பதில் கொடுத்திருந்தது. இடக்கை காலி. வலக்கையில் கஸ்பார், இன்னும் ஈரமாக.

"பசிக்கும்மா."

டெல்பின் நகர்ந்து இடம் விட்டாள். பெர்பெத்து இன்னொரு தட்டை எடுத்தாள். முதலில் கேட்கப்பட்டவனே மூத்தவன் என்று யோசித்து, மீன் தலையை இரண்டாவதாக வந்தவனுக்கு வைத்தாள்.