கதவு சாத்திய சத்தம்

மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அது உருப்படியாக நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவது அவள் வேலை. ஒப்பந்த வேலைதான். திட்டத்தில் நிறையப் பேரைச் சேர்த்துக்கொண்டதாகப் பேர் வாங்கியிருந்தது ஒரு சலவைக்கூடம். ஓட்டல்களின் விரிப்பும் துண்டும் அங்கேதான் வெளுத்தன. "அங்க மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேசும்மா" என்று அதிகாரி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

மேலாளர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். கூடம் முழுக்க நீராவியும் சோப்பு வாடையும். நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் துண்டு மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஒரு பெண்ணுக்கு ஒரு கைதான். எல்லாருடைய ஏப்ரனிலும் கடையில் வாங்கிய மடிப்புகூடக் கலையவில்லை. அது அவள் கண்ணை உறுத்தியது.

"யாராவது ஒருத்தர்கிட்ட தனியாப் பேசணும் சார்."

"தாராளமா மேடம்! நம்ம லாரிக்காரரைக் கூப்பிடறேன். தங்கமான மனுஷன்."

லாரி ஓட்டிய காலத்து விபத்தில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன; பேர் மட்டும் போகவில்லை. அலுவலக அறையில் அவரை உட்கார வைத்த மேலாளர், "நான் வெளிய இருக்கேன், பேசுங்க" என்றார். கதவைத் திறந்தார். சத்தம் கேட்கும்படி சாத்தினார்.

ஆனால் போகவில்லை. உள்ளேயே கதவில் சாய்ந்து நின்று, அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். சிரிப்பு வேறு.

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் தடதடத்தன. அந்த இரைச்சலில் மேலாளரின் மூச்சுச் சத்தம் லாரிக்காரருக்கு எங்கே கேட்கும்?

"போயிட்டாரா தங்கச்சி?" லாரிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மனசுக்குள்ளயே போட்டுப் புழுங்கிட்டு இருந்தேன். இங்க என்ன நடக்குதுன்னா..."

"அண்ணே, நிறுத்துங்க! அவர் போகல. கதவுகிட்டயே நிக்கிறார்."

லாரிக்காரரின் கைகள் முழங்காலை இறுக்கிப் பிடித்தன.

"சும்மா ஒரு விளையாட்டுக்கு மேடம்" என்றார் மேலாளர்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணே, வேற இடத்துல பேசலாம். இல்ல, பேசவே வேணாம். பேசினா உங்க வேலை நிலைக்கும்னு என்னால உத்தரவாதம் தர முடியாது."

"இதுல சேர்ந்ததும் உதவித்தொகையை நிறுத்திட்டாங்க தங்கச்சி. இதுவும் போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாது."

"தெரியுதில்ல? யோசிச்சுப் பேசு." அதுவரை மரியாதையாகப் பேசிய மேலாளர் ஒருமைக்கு இறங்கிவிட்டார்.

லாரிக்காரர் அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"யோசிச்சுட்டேன் சார். தங்கச்சி, எழுதிக்குங்க. இங்க எங்களுக்கு வேலையே கிடையாது. பின்னாடி கிடங்குல பெஞ்சுல உட்கார வெச்சிடுவாங்க. யாராவது பார்க்க வந்தா ஏப்ரனை மாட்டி மேசைக்கு ஓட்டிட்டு வருவாங்க. எங்களைக் காட்டி அரசாங்க மானியம் வாங்குறாங்க. பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உட்கார்றதுக்கா வந்தேன்? வேலை செய்ய வந்தேன்!"

"இனிமே வீட்டுல போய் உட்காரு."

அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். "கிடங்கைத் திறங்க சார்."

"அதுக்கு மேலிடத்துல அனுமதி வாங்கணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள், ஒற்றைக் கைப் பெண் மடித்த துண்டை வைத்துவிட்டுப் போய்க் கிடங்குக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பெஞ்சு. அவற்றின் மேல் எல்லாருடைய சாப்பாட்டுப் பையும். ஆய்வுக்கு வந்தவள் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

அதிகாரி போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டியேம்மா!"

"பார்த்ததைத்தான் எழுதுவேன் சார்."

எழுதினாள். மானியம் நின்றது. நிஜமாகவே வேலை கொடுத்தால்தான் இனி மானியம் என்று ஆனதும், மற்றவர்களுக்கு மேசையில் நிரந்தரமாக இடம் கிடைத்தது. லாரிக்காரரை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. நிறுத்திய உதவித்தொகைக்காக அவரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். "உங்க ஆய்வுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?" என்று அந்த அம்மா படியிலேயே வைத்துக் கேட்டாள். இழுத்தடித்து, ஒருவழியாகப் பணம் மறுபடி வந்தது. அதற்குள் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது, யாரும் நீட்டிக்கவில்லை.

ஒரு காலையில் லாரிக்காரர் போன் செய்தார். "எங்கயாவது வேலை இருந்தா சொல்லுங்க தங்கச்சி. நிஜ வேலையா இருக்கணும்."

"கேட்டுச் சொல்றேண்ணே."

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "முதல்ல அந்தப் பொண்ணுக்கு வேலை இருக்கான்னு கேளுங்க."