முப்பத்தொரு பேரின் அத்தை

சலவை ஆலையின் நேர அலுவலகத்தில் வருகைப் பதிவு வேலை பார்த்த இளைஞனுக்கு அங்கே "ஒரு நிமிஷம்" என்றுதான் பெயர். யார் எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். விடுப்பு எத்தனை நாள் பாக்கி என்று கேட்டால், "ஒரு நிமிஷம்." மணி என்ன என்று கேட்டால்கூட, சுவர்க் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான். அதற்குள் கேட்டவருக்கு ஒரு முடி நரைத்துவிடும் என்பார் உலர்த்தும் பிரிவு மேஸ்திரி.

ஓட்டல் விரிப்புகளையும் மருத்துவமனைப் போர்வைகளையும் வெளுக்கும் அந்த ஆலையில் மொத்தம் நாற்பத்தேழு பேர். அந்த வருடம் நிர்வாகம் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தொழிலாளி மாதாமாதம் போடுகிற அதே தொகையை நிர்வாகமும் போடும். ஆனால் மூன்று வகைகளில் எது வேண்டும் என்று அவரவர்தான் படிவத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். அ வகையில் பணம் வங்கி வைப்பில் கிடக்கும். மெதுவாக ஊரும், கீழே விழாது. இ வகையில் முழுக்கப் பங்குச் சந்தைக்குப் போகும். இருபது வருடம் பொறுத்தால் நன்றாக வளரலாம், இரண்டு வருடத்தில் எடுக்கப் போனால் கையைச் சுட்டாலும் சுடும். ஆ இரண்டுக்கும் நடுவில். குறித்த வகையை மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்காதவர் அடுத்த வருடம்தான் சேர முடியும்.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்ட மாதிரி ஒன்றை அறிவிப்புப் பலகையில் மாட்டச் சொன்னார் மேனேஜர். அதற்கு அவன் ஒரு மதியம் முழுவதையும் எடுத்துக்கொண்டான். பெயர் என்ற இடத்தில் "உங்கள் பெயர்" என்று எழுதினான். மூன்று கட்டங்களில் இ-க்குப் பக்கத்தில்தான் வெள்ளை இடம் அதிகம் இருந்தது. அங்கே குறி போட்டு வாலை நீட்டி இழுத்தால் தூரத்திலிருந்தும் தெரியும் என்பதால் அங்கே போட்டான். நாமினி என்ற இடத்தில் ஏதாவது ஓர் உறவு வேண்டுமே. "அத்தை" என்று எழுதினான். அவன் யோசிக்காமல் எழுதிய ஒரே சொல் அநேகமாக அதுதான். மேல் ஓரத்தில் சிவப்பு மையில் "மாதிரி" என்று எழுதி, நான்கு மூலையிலும் ஊசி குத்தினான்.

அந்த அத்தை அதே ஆலையில்தான் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். அவன் அப்பாவின் அக்கா. எட்டு வயதிலிருந்து அவன் வளர்ந்தது அவள் வீட்டில். அவள் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதற்குப் பிறகு இந்தச் சேமிப்பைத் தவிர அவளுக்கென்று வேறெதுவும் கிடையாது.

வாரத்தில் மூன்று மாலை அவன் புள்ளியியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த வருடம் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். பண விவரம் தெரிந்தவர்கள் ஓய்வுக்காலத்துக்குச் சரியாகச் சேமிக்கிறார்களா என்று தன் ஆலையிலேயே பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றி, சந்தேகப்பட்டு, கைவிட்டு, மறுபடி தோன்றி, கடைசியில் ஆசிரியையிடம் சொன்னான்.

"செய்ங்க. ஆனா ஒண்ணு," என்றார் ஆசிரியை. "பதில் சொல்றவங்க எடுக்கற முடிவுல நீங்க கை வைக்கக் கூடாது. சுவர்ல மாட்டின கடிகாரம் மாதிரி சும்மா இருக்கணும்."

அதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டான்.

இரண்டு வாரம் சாப்பாட்டு இடைவேளைகளில் ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்டான். நூற்றுக்கு வருடம் ஐந்து வட்டி என்றால் பத்து வருடத்தில் அந்த நூறு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "யார்கிட்ட குடுத்து வச்சோம்ங்கறதப் பொறுத்தது," என்றார் பாய்லர்காரர். சம்பளத்தைவிட விலைவாசி வேகமாக ஏறினால் வாங்கும் சக்தி கூடுமா குறையுமா என்று கேட்டதற்கு, மடிப்புப் பிரிவுப் பெண் ஒருத்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீ கடைக்குப் போறதே இல்லையாப்பா?" பணத்தை ஒரே கம்பெனியில் போடுவது நல்லதா, பலவற்றில் போடுவதா என்பது மூன்றாவது கேள்வி. "எங்க மச்சான் கம்பெனியா இருந்தா எதுலயும் வேணாம்," என்றார் மேஸ்திரி. எதற்கு மதிப்பெண் போடுவது, எதற்குப் போடாமல் இருப்பது என்று தெரியாமல் அவன் எல்லாவற்றுக்கும் அரை அரையாகப் போட்டுவைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை படிவப் பெட்டியைத் திறந்தான். நாற்பத்தாறு படிவங்கள். பிரித்து அடுக்கிப் பார்த்தால் முப்பத்தெட்டு பேர் இ. இவ்வளவு தெளிவான முடிவை அவன் எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் வழவழவென்று ஏதோ வரும். தனக்கு மட்டும் மலை மாதிரி நிமிர்ந்து நிற்கிறதே என்று ஒரு பத்து நிமிடம் தலைகால் புரியாமல் இருந்தான்.

பிறகு நாமினி பகுதியை எண்ணத் தொடங்கினான். மனைவி, மகள், அத்தை. அத்தை. அத்தை. பாய்லர்காரர், அத்தை. அவருக்கு அத்தையே கிடையாது. தன் தாத்தாவுக்குப் பெண் பிள்ளைகளே இல்லை என்று அவரே பலமுறை பெருமையடித்திருக்கிறார். மொத்தம் முப்பத்தொரு பேருக்கு அத்தை. இரண்டு பேர் தங்கள் பெயரை "உங்கள் பெயர்" என்று எழுதியிருந்தார்கள். இ-யில் விழுந்த குறிகளைக் கவனித்தான். எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. நீட்டி இழுத்த வால்.

நாற்காலி அவனுக்குக் கீழே இருந்ததால் விழவில்லை.

அத்தையின் படிவத்தைத் தேடி எடுத்தான். நாமினி: மருமகன். அதை மட்டும் அவளாக எழுதியிருந்தாள். வகை இ. வால் மற்றவர்களுடையதைவிட நீளம்.

இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் அத்தை விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, நீ ஏன் இ-ல குறிச்ச?"

"நீ குறிச்சிருந்தியே, அதான்."

"அது எப்படிக் குறிக்கறதுன்னு காட்டறதுக்கு. சும்மா போட்டது."

"சும்மாவா?" அத்தை விரிப்பை விட்டுவிட்டாள். "ஒரு செருப்பு வாங்கப் போனாலே நாலு கடை ஏறி இறங்கி, கடைசில வாங்காம வர்ற ஆளு நீ. நீ சும்மா ஒண்ணைப் போடுவியா? நான்தான்டா எல்லார்கிட்டயும் சொன்னேன். என் மருமகன் போட்டிருக்கான்னா பத்து நாள் ஆராய்ஞ்சுதான் போட்டிருப்பான், கண்ணை மூடிட்டு அப்படியே எழுதுங்கன்னு."

"நாமினியையுமா?"

"அது அவங்க கண்ணை ரொம்ப நல்லா மூடிட்டாங்க போல."

இரண்டு வருடத்தில் எடுக்கப்போகிற அவளுடைய பணம் மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாத கட்டத்தில் இருந்தது. மணி பதினொன்று. ஆய்வு செய்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்று நோட்டு சொன்னது. திறக்காமலேயே தான் முப்பத்தெட்டு பேரைத் தள்ளிவிட்டிருப்பது அந்த நோட்டுக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரம்கூட மணிக்கு ஒருமுறை அடிக்கத்தானே செய்கிறது என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு மேனேஜரிடம் போனான்.

"அடிச்சுத் திருத்தட்டும், பக்கத்துல கையெழுத்து இருக்கணும்," என்றார் மேனேஜர். "அஞ்சு மணிக்கு நான் உறையை ஒட்டிடுவேன். அஞ்சேகால்னா அது உன் பிரச்சினை."

சாப்பாட்டு இடைவேளையில் மடிப்பு மேசைகளுக்கு நடுவே நின்று அவன் விஷயத்தைச் சொன்னான். மாதிரியில் இருந்தது யோசனை அல்ல, வெறும் குறி என்றான். 

"இப்ப எதுக்கு மாத்தச் சொல்ற?" என்றார் மேஸ்திரி. "நாங்க எல்லாரும் நல்லதாப் பாத்துப் பிடிச்சுட்டோம், கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகல. அதானே?"

"இல்லண்ணே. கம்பெனி போடறது எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"அப்ப எதுல போடணும்னு நீயே சொல்லிடு."

"அத நான் சொல்லக் கூடாது."

"பாத்தீங்களா?" என்று மேஸ்திரி எல்லோரையும் திரும்பிப் பார்த்தார்.

அவன் கறையைக் குறியிட வைத்திருந்த சாக்குக்கட்டியை எடுத்து, தரையில் வாசலிலிருந்து உலர்த்தி இயந்திரம் வரை ஒரு கோடு போட்டான். வாசல் பக்கம் ஒன்று என்று எழுதி, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, பிறகு பத்து, இருபது, முப்பது என்று போய்க்கொண்டே இருந்தான். ஓய்வுக்கு எத்தனை வருடம் பாக்கியோ, அங்கே போய் நிற்கச் சொன்னான். ஏதோ விளையாட்டு என்று எல்லோரும் நின்றார்கள். அத்தை வாசல் பக்கம், இரண்டில். அவளுக்குப் பக்கத்தில் மூன்றில் பாய்லர்காரர். மடிப்புப் பிரிவின் இளம் பெண்கள் உலர்த்தியின் சூட்டில் நின்று முணுமுணுத்தார்கள்.

அடுத்து ஏற்ற இறக்கம், சராசரி, விலகல் என்று ஆரம்பித்தான். மூன்றாவது வாக்கியத்திலேயே பாய்லர்காரர் கொட்டாவி விட்டார். அத்தைதான் குறுக்கே வந்தாள்.

"இருடா. பங்குச் சந்தைங்கறது நடுவுல நடுவுல முங்கும், அப்புறம் எழுந்திரிக்கும். அதானே?"

"பெரும்பாலும். ஆனா எப்ப எழுந்திரிக்கும்னு சொல்ல முடியாது."

அத்தை மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "அரை மணில லாரி வருது. வெளுத்து ரெடியா இருக்கற விரிப்பை, இன்னும் பளிச்சுன்னு ஆகட்டும்னு மறுபடி ஊற வைப்பியா?"

"ஊற வச்சா ஈரத்தோடதான் ஏத்தணும்."

"நாளன்னிக்கு வர்ற லாரின்னா?"

"அப்ப ஊறட்டும். காய நேரம் இருக்கு." மேஸ்திரி தான் நின்ற எண்ணைக் குனிந்து பார்த்தார். நான்கு. நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். "அடப்பாவி. என் லாரி கேட்டுக்கே வந்துடுச்சே," என்றார்.

அதற்கப்புறம் பேனாதான் போதவில்லை. வாசல் பக்கத்தினர் பெரும்பாலும் அ-வுக்கு மாறினார்கள். நடுவில் நின்றவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். உலர்த்திப் பக்கம் பலர் இ-யிலேயே இருந்தார்கள். பாய்லர்காரர் "அத்தை" என்பதை அடித்துவிட்டு "மனைவி" என்று எழுதினார். "முதல்ல என்ன எழுதியிருந்தேன்னு வீட்டுக்குத் தெரிய வேணாம்பா," என்றார். அத்தை அ-வில் குறித்தாள். இந்த முறை குறிக்கு வால் இல்லை. அவன் ஒவ்வொரு திருத்தத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மேனேஜரின் மேசையில் படிவக் கட்டை வைத்தான். பின்னாலேயே வந்த அத்தை, கட்டின் மேல் இருந்த சீட்டைப் படித்தாள்.

"நாற்பத்தாறுன்னு போட்டிருக்கு. நாம நாற்பத்தேழு பேராச்சே. யாருது இல்ல?"

அவன் மூன்று வாரமாகத் தன் நோட்டில் பதினான்கு பக்கம் ஒப்பிட்டிருந்தான். ஆ-வுக்கு ஏழு காரணம், இ-க்கு ஏழு காரணம்.

"உன்னுதா?" என்றாள் அத்தை. "ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் கோடு போட்டு நிக்க வச்சியே, நீ எங்கடா நின்ன?"

அவன் சாக்குக்கட்டியோடு கோட்டுக்கு வெளியே நின்றிருந்தான். கோட்டில் நின்றிருந்தால் உலர்த்தியையும் தாண்டி, பின்சுவரை இடித்துக்கொண்டு வெளியே போயிருப்பான். அவனுக்கு இன்னும் முப்பத்தாறு வருடம்.

"ஒரு நிமிஷம்," என்றான்.

"எட்டு நிமிஷம் இருக்கு," என்றார் மேனேஜர், பசைப் புட்டியைத் திறந்தபடி. "ஆனா படிவம் தீந்துபோச்சு."

அத்தை போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று அவன் நினைத்தான். திரும்பி வந்தபோது அவள் கையில் பலகையிலிருந்து பிடுங்கிய மாதிரிப் படிவம் இருந்தது. அதை மேசையில் போட்டு உள்ளங்கையால் நீவினாள், இஸ்திரிக்காரி நீவுகிற மாதிரி.

"இதுல எல்லாமே எழுதியாச்சு. வகையும் உன் லாரிக்குச் சரியா இருக்கு. நாமினி..." கொஞ்சம் நிறுத்தினாள். "அது சும்மா போட்டதா?"

"இல்ல அத்தை. அது மட்டும் சும்மா போடல."

"அப்ப உன் பேரை எழுது."

அவன் "உங்கள் பெயர்" என்பதை அடித்துத் தன் பெயரை எழுதினான். பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். கீழே இன்னொன்று. மேனேஜர் கத்தரிக்கோலை எடுத்து, சிவப்பு மை இருந்த மேல் ஓரத்தை ஒரே வெட்டாக வெட்டினார். படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மூலையில ஏன் ஓட்டை?"

"அவன் எதையும் நாலு பக்கமும் குத்திப் பாத்துட்டுத்தான் சார் எழுதுவான்," என்றாள் அத்தை.

மேல் ஓரத்தை வெட்டியதில் அந்தப் பக்கத்து ஓட்டை இரண்டும் அதோடு போய்விட்டன, மிச்சம் இரண்டுதான் என்று சொல்ல அவன் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டான். மேனேஜர் நாற்பத்தாறை அடித்து நாற்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டினார்.