முதல் மழைக்கு விதைக்காதவள்

மழை பெய்தால் விவசாயிக்குச் சந்தோஷம் என்று யார் சொன்னது, என் செல்லங்களா? அன்றைக்குக் கூரையில் மழை விழுந்தபோது நெட்டைக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

நெட்டை என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவார்கள். நிலைப்படியில் குனியாமல் நுழைந்தால் நெற்றி வீங்கிப்போகும், அப்படி ஓர் உயரம். புருஷன் கப்பலில் சமையல்காரன். அவன் பங்கு வயலில் மக்காச்சோளம் போடுவது இவள்தான். போன வருஷம் பயிர் கருகிப் போனது. உடனே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு கட்டிவிட்டார்கள்: இந்தப் போகமும் போனால் வயல் கொழுந்தன் கைக்கு. அப்புறம் அவளுக்கு அந்த வீட்டில் அடுப்படி மட்டும்தான் மிச்சம்.

அந்த ஊரில் முதல் மழை விழுந்ததும் எல்லா வயலிலும் ஒரே மூச்சாக விதைத்துவிடுவார்கள். காரணம் உண்டு. ஒரு வயல் மட்டும் பிந்தினால் பறவைகளெல்லாம் அந்த வயலின் முளையில்தான் வந்து இறங்கும். கொழுந்தன் டிராக்டரில் விதைப்பெட்டியை மாட்டித் தன் வயலில் தொடங்குவான். வரிசையாக ஒவ்வொரு வயலாக வந்து, அண்ணி வயல் கடைசி.

ஆனால் மழைக்கு முன்பே நெட்டையின் கைப்பேசியில் வானிலை அலுவலகத்தின் குரல்தகவல் வந்திருந்தது. ஒரு மழை வரும், அதை நம்பி விதைக்க வேண்டாம், பின்னால் நீண்ட வறட்சிக்கு வாய்ப்பு அதிகம் என்று. மழை விட்டதும் அவள் வயலில் குழி தோண்டி விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் ஒரு கணு ஆழம்கூட இறங்கவில்லை. கீழே பொடிமண்.

"இந்த மழைக்கு நான் விதைக்கல" என்றாள்.

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணி, வானத்தையே கண்ணால பாக்குறோம். இதுக்கு போன்ல வேற கேக்கணுமா?"

"வந்த மேகம் உனக்குத் தெரியுது. வராத மேகம் தெரியுதா?"

எல்லாரும் விதைத்தார்கள். பச்சைப் பசேலென்று முளை வந்தது. இவள் வயல் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. போதாக்குறைக்கு, வறட்சி என்று சொன்ன வாரத்தில் ஒரு தூறலும் விழுந்தது. அவ்வளவுதான், தெருவில் தலைகாட்ட முடியவில்லை. "என்ன நெட்டை, வறட்சி நனைஞ்சிடுச்சா?" என்று கடைக்காரன்கூடக் கேட்டான்.

அவள் வானிலை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கத்தினாள். "என்ன மேடம், இப்படி மானத்தை வாங்கிட்டீங்களே!"

அந்த அதிகாரியம்மா கோபப்படவில்லை. "தூறல் வரும்னு எங்களுக்கும் தெரியலம்மா. ஆனா வறட்சி பத்தி சொன்னதை மாத்த மாட்டேன். பத்துல ஏழு பங்கு வாய்ப்பு. மீதி மூணு உங்களுக்கு எதிரா போகலாம். சத்தியமெல்லாம் பண்ண முடியாது."

பத்துக்குப் பத்து என்று சொல்லியிருந்தால்தான் நெட்டை சந்தேகப்பட்டிருப்பாள். இது போதும் அவளுக்கு.

மறுநாள் காலையில் டிராக்டர் அவள் வயலுக்கே வந்துவிட்டது.

"அண்ணி, பேசினது பேசினதுதான். வயல் சும்மா கிடக்க விடமாட்டேன். விதையைக் குடுங்க, நான் போடுறேன்."

நெட்டை விதைமூட்டையை வரப்பில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "என் வயல், என் விதை. நட்டம் வந்தாலும் அது என்னோடதாவே இருக்கட்டும். வண்டியைத் திருப்பு."

"எந்திரிங்க அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நான் என்ன கோணலாவா உக்காந்திருக்கேன்?"

அந்த நேரம் பார்த்து மாமியார் வந்தாள். ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூட்டையின் மறுமுனையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அம்மா, நீயுமா?"

"அவ பக்கமெல்லாம் இல்லடா. கால் வலிக்குது. வேற எங்க உக்கார்றது?"

பெற்ற தாயைத் தூக்கிப் போட்டுவிட்டு மூட்டையை எடுக்க முடியுமா? வண்டி திரும்பிப் போனது.

அப்புறம் வெயில் வந்தது, செல்லங்களா. சும்மா வெயில் இல்லை, தட்டில் தண்ணீர் வைத்தால் பறவை வருவதற்குள் வற்றிவிடுகிற வெயில். முளைகள் முதலில் இலையைச் சுருட்டின, பிறகு படுத்துவிட்டன. கொழுந்தன் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினான். மண் குடித்ததே தவிர, பயிர் எழவில்லை. அடுத்தவன் பயிர் சாகும்போது சொல்லிக் காட்ட நெட்டைக்கு மனசு வரவில்லை.

அடுத்த தகவலில் நல்ல மழை சேர்ந்து வருகிறது என்றார்கள். வந்தபின் சேற்றில் வண்டி இறங்காது, முன்கூட்டியே விதையுங்கள் என்றும் சொன்னார்கள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. நெட்டை புழுதியில் குச்சியால் குழி போட்டாள். மாமியார் பின்னால் விதையைப் போட்டுக் காலால் மூடிக்கொண்டே வந்தாள்.

கொழுந்தன் வண்டியோடு வரப்பில் வந்து நின்றான். வாய் சும்மா இருக்குமா?

"அண்ணி, வரிசை கோணலா போகுது."

நெட்டை நிமிர்ந்தாள். "கோணல் வரிசையிலயும் முளைக்கும். உன்னோட நேர் வரிசை எங்க?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான். "எப்ப வரும்னு சொன்னாங்க?"

"நாளைக்கு, இல்லன்னா நாளை மறுநாள். தப்பாவும் போகலாம். துணிஞ்சா விதை. ஆனா இந்த வருஷம் வண்டி என் வயல்லதான் முதல்ல இறங்கும்."

புது விதை வாங்கி வந்து, எல்லாரும் மறுபடியும் ஒரே மூச்சில் விதைத்தார்கள். இந்த முறை வண்டி முதலில் இறங்கியது அவள் வயலில் மீதி இருந்த இடத்தில். மழை சொன்னதற்கு ஒரு நாள் பிந்தி வந்தது. அந்த ஒரு நாளும் கொழுந்தன் சாப்பிடவே இல்லை. நெட்டையோ இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது அவன் வரப்பில் வழிமறித்து நின்றான். "அண்ணி, வயலைப் பத்தி வீட்ல பேசினோமே, அதை விட்ருவோம்னு..."

"களை நிறைய கிடக்கு" என்றாள் நெட்டை. "நகரு. வழியை விடு."