சம்பந்தம் வீட்டுக் கம்ப்யூட்டர்

“ரேடியோன்னா மஜீது, டிவின்னா மஜீது. கம்ப்யூட்டர்னா மட்டும் சம்பந்தண்ணனுக்குப் பொண்டாட்டியா?”

மஜீத்தின் மனைவி ஹபீபுன்னிசா தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“சும்மா இரு. அது படிச்ச பொண்ணு” என்றான் மஜீத்.

“நான் சும்மாதான் இருக்கேன். உங்க மூஞ்சிதான் சும்மா இல்ல.”

முகம் எப்படிச் சும்மா இருக்கும்? செஞ்சிக் கடைவீதியில் மஜீத்தின் ரேடியோ ரிப்பேர் கடையும் சம்பந்தத்தின் மளிகைக்கடையும் ஒட்டினாற்போல இருந்தன. இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே திரிந்தவர்கள். சம்பந்தம் வாங்கிய டேப்ரெக்கார்டர், மிக்ஸி, கைக்கடிகாரம், இவ்வளவு ஏன், கல்யாணக் கட்டில்கூட மஜீத் தட்டிப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் வந்தது.

அவன் பேச்சுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை. கடைவீதிக்குப் பின்னால் ஒரு நெல் மில் உண்டு. அது ஓடும் நேரமெல்லாம் தெருவில் கரண்ட் இளைத்துப்போய், பல்புகள் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி எரியும். “மில்லு ஓடறப்ப ரேடியோ பின்னாடி இருக்கற வோல்டேஜ் முள்ள நூத்திப்பத்துல வைங்கம்மா. நின்னதும் இருநூத்தி முப்பதுக்குத் திருப்பிடுங்க” என்று எப்போதோ சொல்லி வைத்தான். சம்பந்தத்தின் அம்மா கமலாம்பாள் இன்றைக்கும் சாயங்கால விளக்கு ஏற்றுவதுபோல அதைத் தவறாமல் செய்துவருகிறாள்.

அப்படி இருந்த வீட்டில் தை மாதம் மனோரமா மருமகளாக வந்து புகுந்தாள். பாண்டிச்சேரிக்காரி. ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள். மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் வைக்கப் போகிறார்களாம். கட்டிமுடித்த கம்ப்யூட்டர் கட்டுப்படியாகாது, மெட்ராஸில் பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்றாள். அதற்காகத் தன் தாய்வீட்டுச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

“நீயும் வாடா மெட்ராசுக்கு” என்றான் சம்பந்தம்.

மஜீத்துக்கு நெஞ்சு நிறைந்தது. “வராம? நான் பாக்காம யாரு பாக்கறது?”

“அதில்லடா, அவ பாத்துக்குவா. சாமான் தூக்க ஆள் வேணுமே.”

நிறைந்த நெஞ்சு அப்படியே வடிந்தது.

மெட்ராஸ் ரிச்சி தெருவில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு கடை. மனோரமா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். கடைக்காரன் எடுத்து வைத்தான். மதர்போர்டு வந்தது. அதன்மேல் பதிக்கும் மெமரி சிப்புகள் வந்தன. மஜீத் ஒரு சிப்பைக் கையில் எடுத்துத் திருப்பினான்.

“அண்ணே, சிப்பு கால் வளைஞ்சிரும், கீழ வைங்க. கொஞ்சம் வழிய விட்டு நில்லுங்க” என்றான் கடைக்காரன். அவளிடம் திரும்பியபோது மட்டும், “மேடம், டிரைவ் எத்தினி?”

“ஃபிளாப்பி டிரைவ் ஒண்ணு போதும். ஹார்டு டிஸ்க் ஒண்ணு குடுங்க.”

மஜீத்தால் பொறுக்க முடியவில்லை. “தங்கச்சி, ஃபிளாப்பியே ரெண்டா வாங்கிக்கயேன். ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு ஓடும்.”

“இல்லண்ணே. கிளாஸுக்கு வர்ற பசங்க தட்டை மாத்தி மாத்திப் போட்டே டிரைவக் கெடுத்துடுவாங்க. ஹார்டு டிஸ்க்னா எல்லாம் உள்ளேயே கிடக்கும்.”

மஜீத் சம்பந்தத்தைப் பார்த்தான். சம்பந்தமோ கடைக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அவ சொல்றதே போடுங்க.”

கடைசியில் மானிட்டர். பச்சை எழுத்தில் ஒன்று, மஞ்சள் எழுத்தில் ஒன்று. இதற்குப் படிப்பு வேண்டுமா? கண் இருந்தால் போதாதா?

“மஞ்சள எடுடா. லட்சணமா இருக்குது” என்றான் மஜீத்.

“பச்சைதான் நல்லாருக்குங்க” என்றாள் மனோரமா.

“பச்சையே போட்டுருங்க” என்றான் சம்பந்தம். அப்புறம்தான் நண்பனின் முகம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். “டேய், ஸ்க்ரூ டிரைவர் செட்டு ஒண்ணு வாங்கணும். அத நீ பாத்து எடு.”

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பச்சை மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் மஜீத்தான். முன் சீட்டில் அவர்கள் இருவரும் வேர்க்கடலை உரித்துத் தின்றார்கள். நடுவில் சம்பந்தம் கையைப் பின்னால் நீட்டி, “இந்தாடா” என்று நாலு கடலை கொடுத்தான். மஜீத் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கையும் மானிட்டரில் இருந்தன என்பது ஒரு காரணம்.

சரி, பூட்டுகிற வேலையாவது நம் கைக்கு வரும் என்று இருந்தான். வியாழக்கிழமை அவலூர்பேட்டையில் ஒரு மைக் செட் படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், கடை வாசலிலேயே சம்பந்தம் நிற்கிறான்.

“மச்சான், முடிஞ்சிபோச்சிடா! காலையில உக்காந்தோம், நானும் அவளுமே பூட்டிட்டோம். நீ எடுத்த ஸ்க்ரூ டிரைவர்தான், வெண்ணெய் மாதிரி திருப்புது. வா, வா, ஆன் பண்ணப் போறோம்.”

மஜீத் சிரித்தான். சிரித்த வாய் வலித்தது.

மாடியில் மேஜைமேல் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். கமலாம்பாள் கற்பூரத் தட்டோடு நின்றாள். பின்பக்கம் நெல் மில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“ஒயர நீ சொருகுடா” என்றான் சம்பந்தம்.

மஜீத் மேஜைக்குப் பின்னால் குனிந்தான். பவர் சப்ளைப் பெட்டியின் முதுகில் ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச். நூத்திப்பத்தில் இருந்தது.

அவனுக்குத் திக்கென்றது. போன மாதம் ஒரு கலர் டிவியில் இதே மாதிரிச் சப்ளையில் கரண்ட் ஏறி, வெடித்ததைக் கையால் அள்ளியவன் அவன். மில் ஓடுகிறவரைக்கும் இது ஓடும். மில் நின்று கரண்ட் குபீரென்று ஏறும்போது உள்ளே எல்லாம் கருகிவிடும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எல்லாம் தெரிந்தவள்தானே? ஹார்டு டிஸ்க் தெரியும், மெமரி தெரியும், எந்தக் கலர் நல்ல கலர் என்றும் தெரியும். இதுவும் தெரியட்டுமே. மஜீத் ஒயரைச் சொருகிவிட்டு நிமிர்ந்தான்.

மனோரமா சுவிட்சைத் தட்டினாள். விர்ரென்று ஒரு சத்தம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

“முருகா! வந்துடிச்சிடா!” என்றாள் கமலாம்பாள். “எம் மருமவ கை ராசியான கை.”

அந்தக் கையை மஜீத் பார்த்தான். காது மட்டும் மில்லின் சத்தத்திலேயே இருந்தது.

சம்பந்தம் அவன் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். “டேய், காலையில எங்களுக்குள்ள ஒரே சண்டை.”

“இன்னா சண்டை?”

“பின்னாடி செவப்பு சுவிட்ச் பாத்தியா? இருநூத்தி முப்பதுல வுடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நான் கேக்கல. மெட்ராஸ்ல ஒன் பேச்சுக்கெல்லாம் தலையாட்டினேன், கரண்ட் விஷயத்துல மட்டும் மஜீது சொன்னதுதான்னுட்டேன். மில்லு ஓடறப்ப நூத்திப்பத்து. நின்னதும் மெதுவா திருப்பிக்கலாம், நம்ம ரேடியோ மாதிரி. மூஞ்சத் தூக்கிக்கினா. தூக்கிக்கட்டுமே!”

மஜீத்துக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. ஏறியபோது பின்பக்கம் மில்லின் தடதடப்பு தளர்ந்தது. பெல்ட் இழுத்து இழுத்து ஓயத் தொடங்கியது.

பாய்ந்தான். கற்பூரத் தட்டு ஒரு பக்கம், குங்குமச் சிமிழ் ஒரு பக்கம். ஒயரைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் மோதி நின்றான். மில் நின்றது. தலைக்குமேல் மங்கலாய் இருந்த பல்பு பளீரென்று வெளுத்தது.

“இன்னாடா ஒனக்குப் பைத்தியமா?” என்று கத்தினான் சம்பந்தம்.

“ரேடியோ பொறுத்துக்கும்டா. மெதுவா திருப்பலாம். இது கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வெடிச்சிரும்.” மூச்சு வாங்கியது. அடுத்ததைச் சொல்ல அதைவிட வாங்கியது. “தங்கச்சி சொன்னதுதான் சரி.”

மனோரமா புருஷனைப் பார்த்தாள். பிறகு மஜீத்தைப் பார்த்தாள். “ஒயர் சொருகறப்பவே பாத்திருப்பீங்களேண்ணே?”

சம்பந்தம் முந்திக்கொண்டான். “அவன் பாத்திருந்தா சொல்லாம இருப்பானாடி?”

மனோரமா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று மஜீத்துக்கு இருந்தது. குனிந்து சிவப்பு சுவிட்சை இருநூத்தி முப்பதுக்குத் தள்ளினான்.

“இதுக்கு ஸ்டெபிலைசர் வேணும். இல்லேன்னா மில்லு ஓடறப்ப இது ஓடாது. எங்கூட்டுல ஒண்ணு இருக்குது. எடுத்தாரேன்.”

வீட்டில் ஹபீபுன்னிசா டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். மஜீத் நேராகப் போய் டிவிக்குக் கீழிருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றினான். படம் பொட்டாகச் சுருங்கி மறைந்தது.

“எங்க தூக்கிக்கினு போறீங்க?”

“சம்பந்தம் வூட்டுக்கு. கம்ப்யூட்டருக்கு வேணும்.”

“நிக்காஹ் ஆன நாள்லருந்து எனக்கு அந்த அண்ணந்தான் சக்களத்தி. ஒங்களுக்கு இப்பதான் ஒருத்தி வந்திருக்கா. எப்பிடி இருக்குது?”

பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மஜீத் வாசலில் நின்றான்.

“எரியுது.”

“எரியட்டும், எரியட்டும்.” எழுந்து கொடியில் கிடந்த துப்பட்டியை எடுத்துப் போர்த்துக்கொண்டாள். “நில்லுங்க, நானும் வரேன். ஒங்களத் தோக்கடிச்சவ மொகத்த நான் ஒரு தடவ நல்லாப் பாக்கணும்.”