அக்காவின் பின்பாதி

அக்காவுக்குப் புத்தகத்தை முழுசாக வைத்துக்கொள்ளத் தெரியாது. பாதி படித்ததும் ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்து நடு முதுகில் ஒரே இழுப்பு. முன்பாதி தங்கைக்கு, பின்பாதி தனக்கு. புத்தகம் போட்டவர்கள் பார்த்திருந்தால் வயிற்றில் அடித்துக்கொண்டிருப்பார்கள். சிரிப்பு வந்த இடத்திலெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் இருக்கும். "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்று கேட்டால், "படிச்சுத் தெரிஞ்சுக்கோ" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

கடைசியாக ஒரு புத்தகத்தை அப்படி வெட்டிக் கொடுத்துவிட்டு, பின்பாதியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தங்கை அழவில்லை. அழுத்தக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான். மரத்துப்போயிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்ப்பது அவள் வேலை. தேய்த்தாள், துடைத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், உறையில் போட்டாள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஸ்க்ரூ டிரைவர் தேடி டிராயரைத் திறந்தபோது அந்த முன்பாதி கிடந்தது. டிபன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் புரட்டினாள்.

கதையைச் சொல்பவள் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். நகரத்துப் பழைய கட்டடங்களில், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே பேய்கள் குடியிருந்து லிஃப்டை நிறுத்திவைத்துக்கொள்கின்றன. இவள் போய்ச் சமாதானம் பேச வேண்டும். 'எனக்குப் பேய் என்றால் பயம்தான். ஆனால் எங்கள் சூப்பர்வைசரை நீங்கள் பார்த்ததில்லை' என்கிறாள். அங்கே அக்காவின் டிக். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். அவளுக்கே தன் சத்தம் புதுசாக இருந்தது.

நாலு சாப்பாட்டு வேளையில் முடித்தாள். லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே நிற்பது யார் என்று சொல்வதற்குள் பாதி முடிந்துவிட்டது. பின்பாதி வேண்டும். அதைவிட, அக்கா கடைசி வரை படித்தாளா என்று தெரிய வேண்டும். கடைசிப் பக்கங்களில் டிக் இருந்தால் படித்திருக்கிறாள். நடுவில் விட்டுவிட்டுப் போயிருந்தால் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

அத்தானிடம் போய்க் கேட்டாள். அவர் முகம் செத்துப்போயிற்று.

"அட்டை இல்ல, முதல் பக்கம் இல்ல. ஏதோ கிழிஞ்ச புத்தகம்னு பழைய பேப்பரோட போட்டுட்டேன்மா."

அக்காளும் தங்கையும் புத்தகத்தை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று அந்த மனிதர் என்றைக்குக் கவனித்தார்?

"சரி, பரவால்ல அத்தான்" என்றாள். கோபம்கூட வரவில்லை.

மறுவாரம் அத்தான் அதே புத்தகத்தைப் புதுசாக வாங்கிக்கொண்டு கடைக்கே வந்தார். "அவ படிச்ச அந்தப் பாதியைக் கொடேன், நானும் பார்க்கிறேன்" என்றார். எழுத்தெல்லாம் ஆடுகிறது என்றதும், பவர் பார்க்க வைத்து ஒரு கண்ணாடியும் தேய்த்துக் கொடுத்தாள்.

புதுப் புத்தகத்தை அவள் முடித்தாள். லிஃப்ட்காரி பிழைத்துக்கொண்டாள், பேய்களுக்குத் தனி மாடியே வாங்கிக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் வெறும் வெள்ளை. ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள் கழித்து, கண்ணாடி மூக்கில் வழுக்க வழுக்க அத்தான் வந்து நின்றார்.

"லிஃப்ட்ல நின்னது யாரும்மா?"

"படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க."

"அது சரி. ஓரத்துல டிக் டிக்கா போட்டிருக்காளே, எதுக்கு?"

"அவ சிரிச்ச இடம், அத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் தூக்கிப் போட்டதுலயும் இருந்துச்சு. போடறதுக்கு முன்னாடி புரட்டினேன். வேளாவேளைக்கு மாத்திரை போட்டதைக் குறிச்சு வச்சிருக்கான்னு நினைச்சேன்."

"கடைசிப் பக்கத்துல?"

"இருந்துச்சு. மேல ஒண்ணு, அடியில ஒண்ணு."

அவள் புதுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். மேலே, சூப்பர்வைசர் பேய்க்கு வணக்கம் சொல்லுகிறார். அடியில் கடைசி வரி: 'லிஃப்ட் இப்போது அருமையாக ஓடுகிறது. நான் படியில் இறங்கினேன்.'

சிரித்தாள். சிரிப்பு அழுகையானது, அழுகை நிற்கவில்லை. அத்தான் மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.