தையில் கட்டிய ஃப்ரிட்ஜ் தவணை

நம்ம குரூப்ல எல்லாருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கு? முட்டிவலிக்காரங்க காலை நீட்டி உக்காந்துகிட்டே படிங்க. இந்தக் கதை எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லேருந்து வந்தது, அதை மொதல்லயே ஒத்துக்கறேன். உங்ககிட்ட பேசறது பேசற மாதிரியே இருக்கும். கதை வர்ற எடத்துல மட்டும் அச்சுத் தமிழ். அதுதான் மரியாதையாம்.

1

காவிரி பாயும் வளநாட்டில், பொன்னிறக் கதிர்கள் தலையசைக்க, செவ்வந்தி என்னும்

(வேணாம். ஃப்ரிட்ஜ் கதைக்குக் கதிர் எதுக்கு? இந்த வருசம் நாத்து விடறதுக்கே தண்ணி லேட்டாத்தான் வந்துச்சு.)

செவ்வந்தி வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பவள். கீழ்வேளூரைச் சுற்றி ஸ்கூட்டரில் ஒரு நாளைக்கு ஆறு வீடு. அடுத்த மாசிக்குள் கார் வாங்கிவிட்டால் முப்பது நோயாளிகளை அவளிடம் ஒப்படைப்பதாகத் திருவாரூர் மருத்துவமனை ஒன்று சொன்னது. கார் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள்.

"இதுவரைக்கும் கடனே வாங்குனதில்லையாம்மா?" என்றார் மேலாளர்.

"ஒரு பைசா வாங்குனதில்ல சார்."

"அதாம்மா சிக்கல். வாங்கித் திருப்பிக் கட்டுனாத்தான் ஒழுங்கா கட்டறவங்கன்னு கடன் ஸ்கோர் வரும். சின்னதா ஒரு பொருள் தவணையில எடுங்க. மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள கட்டுங்க. பத்து மாசம் கழிச்சு வாங்க."

(கடன் வாங்காதவளுக்குக் கடன் கிடையாதாம். தட்டுறப்பவே எனக்குப் பத்திகிட்டு வருது.)

2

இப்ப மாமியார் வரணும். பேரு ராசம்மாள்னு வெச்சுக்குவோம். இந்தப் பொம்பளைய மூணு தடவ எழுதி அழிச்சேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளான்னு நீங்க கேப்பீங்க.

செவ்வந்தி ஃப்ரிட்ஜ் வாங்கினாள். மாதம் ஆயிரத்து எண்ணூறு. காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் பணத்தை மாமியாரிடம் கொடுத்து, கடைத்தெரு ஃபைனான்ஸ் கவுண்டரில் கட்டச் சொன்னாள். அங்கே கொடுத்திருந்ததும் மாமியாரின் ஃபோன் எண்தான். ராசம்மாள் முதல் மாதம் கட்டினாள். பிறகு கட்டவில்லை. செலவழிக்கவும் இல்லை. தகரப் பெட்டியில் சேர்த்து வைத்தாள்.

(ஏன்னு சொல்லிடறேன். அவங்க வீட்டுல மடத்து நிலம் குத்தகை. வருசத்துக்கு ஒரு தடவ, தை அறுப்பு முடிஞ்சதும் மொத்தமா நெல்லு அளந்துட்டு ரசீது வாங்கறது பழக்கம். ஒரு சமயம், மடத்து ஆளுங்க குத்தகை பாக்கின்னு பொய் சொல்லி வெளியேத்தப் பார்த்தாங்க. ஆட்சி ரெண்டு தடவ மாறுச்சு, கேஸ் நகரல. கடைசியில புருசன் மருதையன் அந்தப் பெட்டிய அதிகாரி மேசையில கவுத்தாரு. இருபத்தி ரெண்டு தை மாசத்து ரசீது. நிலம் நின்னுச்சு. மொத்தமா குடுத்து மொத்தமா ரசீது வாங்கறதுதான் நாணயம்னு அவளுக்கு அன்னிக்கே பதிஞ்சு போச்சு.)

ஐப்பசியில் ஃபைனான்ஸ் ஆள் வீடு தேடி வந்தான்.

"பாட்டி, தவணை பாக்கி நிக்குது."

"தையில மொத்தமா வரும் தம்பி. மோர் குடிக்கிறியா?"

"மோர் வேணாம் பாட்டி. தவணை வேணும்."

"அறுப்பு ஆகட்டும்பா. எங்க ஓடிடப்போறோம்?"

அவன் மோரையும் குடித்துவிட்டுப் போனான். தை பிறந்ததும் ராசம்மாள் பெட்டிப் பணத்தோடு அபராதத்துக்குத் தன் பணத்தையும் சேர்த்துக் கட்டி, கவுண்டரில் இருந்த கமருன்னிஸாவிடம் நிமிர்ந்து நின்று ரசீது வாங்கினாள்.

3

மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது மாதத் தவணையும் தாமதம்.

"நீங்க கடனே வாங்காம வந்தப்ப இதவிட நல்லா இருந்துச்சும்மா."

செவ்வந்தி வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கட்டிலில் வீசினாள்.

"மாசாமாசம் உங்ககிட்ட குடுத்தனுப்புன காச, கவுண்டர்ல இருக்கற அந்தப் பொண்ணு அப்பப்ப வரவுல வெக்கல அத்தை. நாளைக்குக் காலையில போயி நாலு பேர் முன்னாடி கேக்கறேன். அவ வேலைய விட்டுப் போனாத்தான் எனக்கு ஆறும்."

ராசம்மாள் உண்மையை

(இந்த வாக்கியம் முடிய மாட்டேங்குது. அத்தை மேல அவளுக்கு ஒரு சொட்டு சந்தேகம் வரல பாருங்க. அங்கதான் எனக்கு விரல் நிக்குது.)

4

முடிவு ஒண்ணு: மேலாளர் மனசு எறங்கிக் கடன் குடுக்கறாரு. சும்மா. அது அவர் கையிலயே இல்ல.

முடிவு ரெண்டு: ராசம்மாள் வாயே தொறக்கல. ஆபீஸ் கணக்கப் பார்த்தா எப்படியும் தெரிஞ்சிடும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு கடைத்தெருவுல அழுதிருக்கும்.

முடிவு மூணு எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ராசம்மாள்ங்கறது நான்தாங்க. மோர் குடுத்த எடத்துலயே நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. அவ சொன்ன அந்த 'நாளைக்குக் காலை'ங்கறது இப்பதான். தகரப் பெட்டி மடியில இருக்கு. நிலத்தக் காப்பாத்துன ரசீதுங்களுக்கு மேல புதுசா, தை தேதி போட்ட ஃப்ரிட்ஜ் ரசீது ஒண்ணு. அந்தப் பொண்ணக் காப்பாத்தும், என்னைய மாட்டிவிடும்.

"அத்தை, கெளம்பறேன்."

"இரும்மா."

இரும்மா வரைக்கும் வந்துட்டேன். அடுத்த வார்த்தை தெரியல. நல்லது செய்றோம்னு நெனச்சு வீட்டுல ஒருத்தர் பொழப்பக் கெடுத்துட்டு, நீங்க எப்படிச் சொன்னீங்க? மொத வார்த்தை எது? உங்க கதைய எழுதுங்க, கொஞ்சம் சீக்கிரமா. அவ ஹெல்மெட் மாட்டிட்டா.