ஓமந்தை பஸ்ஸில் ஓடிய படம்

செந்தூரனின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி ஒரு வருடமாகிவிட்டது. ஓமந்தையில் வயல் செய்துகொண்டிருந்தவன், கிழமைக்கு இரண்டு தடவை வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்தான். மனைவி கௌசலா தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சோதனை செய்துபார்த்தாள். பொருந்தாது என்று வைத்தியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கொடுப்பதற்கு வேறு உறவு யாரும் அவர்களுக்கு மிஞ்சியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற மகள் யதுர்ஷிகாவிடம் கேட்பதில்லை என்று இருவரும் முன்பே முடிவெடுத்திருந்தார்கள்.

பொருந்தாததைக் கௌசலா அவனுக்குச் சொல்லவில்லை. சோதனை முடிவு கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று சொல்லிவைத்தாள். இரண்டு மாதமாக அவனும் ஒவ்வொரு கிழமையும் முடிவு வந்ததோ என்று கேட்டான். அடுத்த கிழமை வரும் என்பாள். மகள் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஒருநாள் பின்னேரம் இருவரும் ஆசுப்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பஸ்ஸில் ஒரு பகிடிப் படம் போட்டிருந்தார்கள். கிழவர் ஒருவரின் செல்லக் கிளி செத்துப்போகிறது. அவர் தாங்கமாட்டார் என்று வீட்டுக்காரர் மறைக்கிறார்கள். மருமகன் திரைச்சீலைக்குப் பின்னால் குந்தியிருந்து கிளிபோலக் கத்துகிறான். கிழவர் பச்சை மிளகாயை நீட்ட, கண்ணீர் வழியக் கடித்துத் தின்கிறான். பஸ்ஸே சிரித்தது. செந்தூரன் தோள் குலுங்கச் சிரித்தான். அவன் சிரித்துப் பல மாதமாகியிருந்ததால் கௌசலாவும் சிரித்தாள்.

கடைசியில் கிழவர், கிளி செத்த அன்றே தனக்குத் தெரியும் என்கிறார். வீட்டுக்காரர் கவலைப்படக்கூடாதென்றுதான் தினமும் மிளகாய் கொடுத்தாராம். சிரிப்பு இன்னும் பலத்தது. செந்தூரன் மட்டும் யன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

"எனக்கும் தெரியும், கௌசலா."

அவளுக்கு விளங்கியது. ஆனாலும், என்ன தெரியும் என்று கேட்டாள்.

"உன்ரை பொருந்தாதெண்டு. தாதி ஒருத்தி அந்தக் கிழமையே வாய்தவறிச் சொல்லிப்போட்டா. நான் நம்பிக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சால் நீ கொஞ்சம் ஆறுதலாயிருப்பாய் எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

இரண்டு மாதம் அவள் கிணற்றடியில் நின்று அழுதிருக்கிறாள். அவன் நித்திரைபோலச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்து அழுதிருக்கிறான். ஒரே வீட்டுக்குள் இருவரும் தனித்தனியாக. பஸ்ஸில் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடமும் உள்ளதைச் சொன்னார்கள். தன்னுடையதை எடுக்கச் சொல்லி அவள் மன்றாடினாள். இருவரும் மறுத்துவிட்டார்கள். மூவரும் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதார்கள். அழுதும் பாரம் குறையவில்லை. அப்போதுதான் கௌசலா, இத்தனை நாளும் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

"உங்களுக்குப் பயமாக் கிடக்கோ?"

"ஓம். சரியான பயம்."

தனக்கும் அப்படித்தான் என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் இருந்தான். கேட்டதற்கெல்லாம் அவள் உள்ளதையே சொன்னாள். ஊசி ஏற்றும் கை வீங்கியபோது வீங்கித்தான் இருக்கிறது என்றாள். ஆவணியில் ஒருநாள், மூச்சு வாங்க வாங்க, இதுதான் கடைசியோ என்று கேட்டான்.

கௌசலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஓம் என்றாள்.